கதவுக்குக் கீழே இரண்டு நிழல்

இன்று காலை ஹோட்டலுக்குக் கிளம்பி வாசல் வரை வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். டர்பெண்டைன் வாடை. நீதான் வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறாய் என்று உடம்பு நம்பிவிட்டது. நீ இல்லை என்ற நினைவு பிறகுதான் வந்தது. கூடத்தில், ஜன்னல் கம்பிகளுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் ஒரு பழைய டப்பாவில் பிரஷ்ஷை அலசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கம்மா, வாடை புடிக்கலீங்களா? ஜன்னலத் தொறந்து உடட்டுங்களா?"

இருக்கட்டும் என்றேன். ஹோட்டலுக்குப் போன் போட்டு இன்று வரவில்லை என்று சொல்லிவிட்டு, அந்த வாடைக்குள்ளேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நீ போன பிறகு நடந்தது. கேட்டவர்கள் எல்லாம் "அப்படியா!" என்று வாயில் கைவைக்கிறார்கள், பிறகு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். முழுதாகக் கேட்க வேண்டியவள் நீ ஒருத்திதான்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது ஒரு படத்தை வைத்துத்தான், நினைவிருக்கிறதா? ஏற்காட்டில் அடைமழை. எங்கள் ஹோட்டலில் தங்க வந்த நீ, அறைச் சுவரில் மாட்டியிருந்த படத்தைத் திருப்பி மாட்டிவிட்டாய் என்று ரூம் பையன் வந்து சொன்னான். ரிசப்ஷனில் இருந்த நான் மேலே வந்தேன்.

"ஏனுங்க, படத்துல ஏதாச்சும் கொறைங்களா?"

"கொறையெல்லாம் இல்லீங்க. ஜன்னலத் தொறந்தா சேர்வராயன் மலை தெரியுது. செவுத்தப் பாத்தா ஏதோ வெளிநாட்டுப் பனிமலை. ரெண்டுல எத நம்பறதுன்னு தெரியல. அதான் ஒண்ணத் திருப்பி வெச்சுட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அன்று சாயங்காலம் கீழே வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைகிறவள் என்று சொன்னாய். அதற்கென்று ஒரு ஆள் இருப்பார் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. வாழைப்பழத்துக்குத் தோல் போல, புத்தகத்துக்கு அட்டை கூடவே வருவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

சேலத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் ஓரமாக ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்து நீ வந்தது அதற்கடுத்த கோடையில். லீவு கிடைக்கும்போதெல்லாம் பஸ் ஏறி உன்னிடம் வந்துவிடுவேன். நீ தரையில் காகிதங்களைப் பரப்பி, யாரோ எழுதிய நாவலின் கையெழுத்துப் பிரதியைப் படித்துக்கொண்டிருப்பாய். கதைச் சுருக்கம் மட்டும் அனுப்பினால் வரைய மாட்டாய். முழுப் பிரதியும் வேண்டும். பதிப்பாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போயிட்டு, அவங்க அண்ணன மட்டும் பாத்துட்டு வர முடியுங்களா?" என்று நீ போனில் ஒருவரைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஒருமுறை சேலம் புத்தகக் கண்காட்சிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். புத்தகம் வாங்க என்று நினைத்து வந்தேன். நீயோ ஒரு கடையின் மூலையில் என்னை நிறுத்தி, "கைய மட்டும் பாரு புள்ள" என்றாய். பார்த்தேன். வருகிறவர்களின் கை மேஜைமேல் அலைந்தது. சில அட்டைகளின்மேல் நின்றது, சிலவற்றைத் தொடாமலே தாண்டியது. நீ வரைந்த ஒரு பேய்க்கதைப் புத்தகத்தை ஒரு அம்மா எடுத்தார், அட்டையைத் தடவினார், கீழே வைத்தார், இரண்டு கடை தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்து வாங்கினார். என் முழங்கையை ஒரு கிள்ளு கிள்ளினாய். அந்த அட்டையில் பேயே இல்லை. ஒரு ஊஞ்சல், ஒரு பக்கச் சங்கிலி மட்டும் இறுகி இருந்தது. அவ்வளவுதான்.

அப்பா இறந்த பிறகு நான் நாவல் எழுத ஆரம்பித்தது உனக்குத் தெரியும். மாரமங்கலத்துக்குப் பக்கத்து எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர், பெண்டாட்டி விட்டுவிட்டுப் போன பிறகு ஒரே மகளைத் தனியாக வளர்த்தவர். அவர் என்னை ஒரு அடி அடித்ததில்லை. தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டவர் அவர், பரீட்சைக்கு முன்னால் பால் காய்ச்சிக் கொடுத்தவர் அவர். "உங்கம்மாவுக்கு நாம வேண்டாமாம் சாமி, போயிட்டா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்போது எனக்கு ஏழு வயது. அதற்குப் பிறகு நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. அந்த மனிதரைப் பற்றி எழுதாமல் என்னால் தூங்க முடியவில்லை. அந்தச் சிறுமியின் கண்ணால் அப்பாவைப் பார்க்கிற கதை. போன அம்மாவுக்கு அதில் சாபம்தான் இருந்தது.

ஒரு பதிப்பாளர் ஒத்துக்கொண்டார். அட்டை உன்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்ன வேண்டும் என்றும் தெளிவாகச் சொன்னேன். சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம். மகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும் அப்பா. பின்னால் மூடுபனி. "மூடுபனி கட்டாயம் வேணுங்கம்மா, ஏற்காடுன்னாலே அதானுங்களே" என்று பதிப்பாளரும் சொல்லியிருந்தார். நீ தலையை ஆட்டிக்கொண்டு பிரதியை வாங்கி வைத்துக்கொண்டாய். பல வாரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "வந்து பாரு" என்று ஒரே வரி.

அன்று பஸ்ஸைவிட்டு இறங்கி உன் வீட்டுக்கு வந்தபோது நீ என்னை வரவேற்கவில்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாய். பலகையில் படம் இருந்தது.

அப்பா இல்லை. நான் இல்லை. திருவிழாவும் இல்லை. ஒரு கதவு. பச்சைப் பெயிண்ட் உரிந்த, அடிப்பலகையில் எலி கரண்டிய ஓட்டைக்குத் தகரம் வைத்து அடித்த, எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டியிருந்த லைன் வீடுகளில் எங்கள் வீட்டுக் கதவு. நீ அதைப் பார்த்ததே இல்லை, நான் எழுதியதிலிருந்துதான் எடுத்திருந்தாய். வெளிப்பக்கம் ஒரு பெரிய பூட்டு தொங்கியது. கதவுக்கும் நிலைப்படிக்கும் நடுவில் இருந்த சந்தில் உள்ளேயிருந்து மஞ்சளாக ஒரு வெளிச்சக் கோடு. அந்தக் கோட்டை இரண்டு இடங்களில் நிழல் மறித்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவை பாதங்கள். உள்ளே ஒருத்தி கதவை ஒட்டி நின்றுகொண்டிருக்கிறாள்.

"என்னடி இது? இது என்ற கதை இல்ல."

"உன்ற கதைதான்."

"பேய்க்கதைக்கு வரஞ்சத மாத்தி வெச்சுட்டயா?"

நீ பிரதியை எடுத்து முதல் அத்தியாயத்தைப் பிரித்து, சத்தமாகப் படித்தாய். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிற காட்சி. 'அப்பா கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பூட்டு விழுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குப் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டோம் என்ற சந்தோஷம் வரும்.'

"சரி. இதுல என்ன?"

"அந்நேரத்துக்கு உங்கம்மா எங்க புள்ள?"

"ஊட்லதான். சமையல் பண்ணிட்டு இருக்கும்."

சொல்லி முடித்த பிறகும் எனக்கு உறைக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. "காட்டெருமை வரும்னு அப்பா பூட்டுவாரு. எழுதியிருக்கறேனே" என்றேன், ஒரு ஏழு வயதுக் குழந்தையின் குரலில்.

நீ திரும்பினாய். உன் கண் கலங்கியிருந்தது. "காட்டெருமைக்குப் பயந்தா உள்தாழ்ப்பாள் போட்டுக்கலாமே கண்ணு. வெளிய எதுக்குப் பூட்டு?"

என்னை நீ கண்ணு என்று கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கங்களை நானே புரட்டினேன். எல்லாம் இருந்தது. என் கையாலேயே எழுதியிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் கம்பி வழியாகக் கறிவேப்பிலை நீட்டுவாள், அம்மா கம்பி வழியாகவே வாங்கிக்கொள்வாள். அதை ஒரு வேடிக்கையாக எழுதியிருந்தேன். மழை ஒழுகிய நாளில் அப்பா சாவியோடு வருகிறவரை அம்மா அடுப்பை மேட்டில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றதை எழுதியிருந்தேன். கடைசியில், 'வருஷத்தில் ஒருநாள் அப்பா எங்களை வெளியே கூட்டிப்போகிற திருவிழா நாளிலேயே அவள் ஓடிப்போனாள்' என்று ஆத்திரத்தோடு எழுதியிருந்தேன்.

"வேற எந்த நாள்ல புள்ள போக முடியும்?" என்றாய். அவ்வளவு மெதுவாக.

அப்பாவைப் பற்றி என்னவோ கத்தினேன், உன்னைத் திட்டினேன், செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தேன். நீ பின்னாலேயே பஸ் நிற்கிற இடம் வரை வந்து, தள்ளி நின்றாய். பஸ் ஏறும்போது, "உனக்குத் தோள்மேல உக்காந்த படம்தான் வேணும்னா அதயும் வரஞ்சு தர்றேன். அதுவும் பொய்யில்ல" என்றாய்.

அந்த வாரம் முழுக்க ஹோட்டலில் வேலை பார்த்தேன், சாவிகளை எடுத்துக் கொடுத்தேன், வாங்கி மாட்டினேன். ஒவ்வொரு சாவியையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் திகைத்து நின்றேன். பிறகு நானே பதிப்பாளரைக் கூப்பிட்டுக் கதவுப் படம்தான் அட்டை என்றேன். "ஏனுங்கம்மா, ஒரு ஆளுகூட இல்லாத அட்டையை யாருங்க வாங்குவாங்க?" என்றார். நன்றாகப் பாருங்கள், ஆள் இருக்கிறது என்றேன். போனில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஐயோ" என்றார். அந்த ஐயோவை உனக்குப் போனில் சொன்னேன். நீ சிரித்தாய். நான் கேட்ட உன் கடைசிச் சிரிப்பு.

அட்டை அச்சுக்குப் போயிருந்தது. கொட்டச்சேட்டிலிருந்து உன் பக்கத்து வீட்டுக்காரர் ஹோட்டலுக்குப் போன் செய்தார். "ஏனுங்க, உங்க சிநேகிதி காப்பி போட்டுட்டு இருந்தாங்க, அப்படியே சாஞ்சுட்டாங்க. சேலத்துக்குக் கொண்டு போறமுங்க." நான் ஒரு ஜீப்பைப் பிடித்துப் பின்னாலேயே இறங்கினேன். மலைப்பாதையின் பாதியில் உன்னை ஏற்றிப்போன வண்டி ஓரமாக நின்றிருந்தது. அது ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இறங்கிப் போய், "ஏன் நிறுத்திட்டீங்க, போலாம், போலாம்" என்று டிரைவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அச்சான புத்தகத்தை நீ பார்க்கவே இல்லை.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது.

புத்தகம் கடைகளுக்கு வந்தது. நீ இருந்திருந்தால் மூலையில் நின்று கைகளைப் பார்த்திருப்பாய். அதனால் நான் பார்த்தேன். ஆண்கள் பெரும்பாலும் பூட்டைப் பார்த்தார்கள். எங்கள் மேனேஜர், "கதவு நொம்ப நல்லாருக்குதுங்க, தேக்குங்களா?" என்று கேட்டார். ஹோட்டலில் அறை துடைக்கும் அக்கா புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தவள், கீழே இருந்த வெளிச்சக் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டாள். "இதப் பாக்கவே முடியலீங்க" என்றாள். உள்ளே ஒரு வரிகூட அவள் படிக்கவில்லை.

ஒருநாள் மத்தியானம், ரிசப்ஷனுக்கு வயதான அம்மா ஒருவர் வந்தார். நல்ல உயரம், நரைத்த தலை, கையில் பிளாஸ்டிக் கவர். நான் வழக்கம்போல, "ரூம் பாக்கறீங்களாம்மா?" என்றேன்.

"ரூமெல்லாம் வேண்டாங்க." கவரிலிருந்து என் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இத வரஞ்சவங்கள இங்க வந்தாப் பாக்க முடியுங்களா?"

"அவங்க தவறிட்டாங்கம்மா. எழுதுனது நாந்தான். என்ன வேணும், சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். அழவில்லை. விரலை அட்டையின் கீழே, அந்த இரண்டு நிழல்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இங்க நின்னவ நானுங்க" என்றார்.

மேஜையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பெற்ற மகளிடம் 'நானுங்க' என்று சொல்கிறாள் ஒரு தாய். அந்த 'ங்க' என் நெஞ்சில் இடித்தது.

தோட்டத்துப் பக்கம் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் குப்பனூரில் இருந்தாள். கேள், குப்பனூரில்! இந்த மலையிலிருந்து இறங்குகிற இரண்டாவது பாதையின் அடிவாரத்தில். அந்த வழியாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்பேன். அங்கே பெண்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையல்காரி. சாப்பாட்டுப் பெஞ்சில் ஒரு பெண் என் புத்தகத்தை வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருக்கிறாள். சாம்பார் ஊற்ற வந்த அம்மா, தகரம் அடித்த அந்தப் பச்சைக் கதவைப் பார்த்திருக்கிறாள்.

"கரண்டி கீழ உழுந்துருச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதே. அந்தப் பொண்ணுதான் பேரப் படிச்சுக் காட்டுச்சு. நான் வெச்ச பேரு. நீ இங்க வேல பாக்கறதும் பின்னால போட்டிருக்குதாமே." பிறகு, "உன்னயக் கேட்டு வர தைரியமில்ல சாமி. வரஞ்சவங்களக் கேட்டு வந்தேன்" என்றாள்.

அப்போதுதான் 'சாமி' வந்தது.

நான் எழுதியது அவளுக்கு ஒருநாளும் எட்டியிருக்காது. படிக்கத் தெரியாதவளுக்கு நீ வரைந்துதான் சேதி சொல்லியிருக்கிறாய்.

"வரஞ்சவங்க எங்க ஊட்டுக்கு வந்திருக்காங்களா? தெனமும் நான் அப்படித்தான் நிப்பேன். உன்ற செருப்புச் சத்தம் ரோடு திரும்பற வரைக்கும் கேக்கும். அது அடங்குனப்புறம்தான் அடுப்புக்கிட்டப் போவேன். அது எப்படி அவங்களுக்குத் தெரிஞ்சுது?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. நான் அதை எழுதவில்லை. என் கதையில் பூட்டு வரைதான் இருந்தது. பாதங்களை நீயாக வைத்தாய்.

திருவிழாவைப் பற்றிக் கேட்டேன். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "உன்னயக் கூட்டிட்டுப் போயிரணும்னுதான் இருந்தேன். 'புள்ளயக் கொஞ்சம் எறக்குங்க, நான் வெச்சுக்கறேன்'னு கேட்டேன். பொழுதுக்கும் கேட்டேன். தோள்ல இருந்து உன்ன எறக்கவே இல்ல அவரு. சிரிச்சுக்கிட்டே நிக்கறாரு. அவருக்குத் தெரிஞ்சு போச்சு."

உனக்குப் புரிகிறதா? நான் அட்டையில் கேட்ட படம் அது. அப்பாவின் தோளில் நான். என் வாழ்நாளின் மிகச் சந்தோஷமான காட்சி என்று உன்னிடம் சொன்னேனே, அதுதான். 'அதுவும் பொய்யில்ல' என்று பஸ் பக்கத்தில் நின்று நீ சொன்னபோது எவ்வளவு தெரிந்து சொன்னாய்?

"அப்புறம் வரவே இல்லையாம்மா?"

"வந்தனே. எஸ்டேட் கேட்டுக்கிட்டயே மறிச்சுட்டாரு. 'நீ இங்க காலு வெச்சா அவளயும் உள்ள வெச்சுப் பூட்டிருவேன்'னாரு. அவரு சொன்னாச் செய்யறவரு. நீ பள்ளிக்கொடம் போனாப் போதும்னு கீழ எறங்கிட்டேன்."

நான் பள்ளிக்கூடம் போனேன். பூட்டிய வீட்டுக்குள் யாரும் இல்லாமல், துள்ளிக் குதித்துக்கொண்டு போனேன்.

அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். விடுதி வேலையை விட மாட்டேன் என்று அடம் பிடித்தவள், போன மாதம்தான் மலையேறினாள். கூடத்தில் இருந்த அப்பா படத்தை நான் கழற்றப் போனபோது தடுத்துவிட்டாள். "உனக்கு அவரு அப்பன்தானே, இருக்கட்டும்" என்றாள். இருக்கிறது. நான் அதற்குப் பூ வைப்பதில்லை, கழற்றவும் முடியவில்லை. அவர் காய்ச்சிக் கொடுத்த பாலின் சூடு நாக்கில் இருக்கும்போதே, அவருடைய சட்டைப்பையில் கிடந்த சாவியும் கண்ணில் வருகிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உன்னைத்தான் கேட்க வேண்டும் போல இருக்கிறது.

போன வாரம், புத்தகத்தைப் படித்துக் காட்டச் சொன்னாள். அஞ்சிக்கொண்டே ஆரம்பித்தேன். தாண்டித் தாண்டிப் படித்தேன். 'அவள் என்னைப் பெற்றவள் என்று சொல்லவே கூசுகிறது' என்ற வரி வந்ததும் நிறுத்திவிட்டேன்.

"ஏஞ்சாமி நிறுத்திட்ட?"

"வேண்டாம்மா. அது தெரியாம எழுதுனது."

"தெரியாமத்தானே இருந்த. படி. அன்னிக்கி நீ என்ன நெனச்சயோ அது எனக்கும் தெரியோணுமல்ல?"

படித்தேன். ஒரு வரி விடாமல். அவள் கால்களை நீட்டி உட்கார்ந்து, ஊர்க்கதை கேட்பதுபோல, ஆமா ஆமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றி வந்த இடங்களில் சிரித்தாள். நான் அவளைச் சபித்த பக்கம் முடிந்ததும், "பாவம், நொம்ப அழுதிருப்பீல்ல" என்று என் தலையில் கைவைத்தாள். அந்தக் கையின் கனம் இதை எழுதும்போதும் தலைமேல் இருக்கிறது. அது என்னிடம் வந்து சேர்ந்தது உன்னால். அதைச் சொல்லத்தான் இன்று வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தேன்.